ரோஜாச் செடி வாங்கிய, வெட்டிய, ஒட்டுக் கட்டிய அனுபவங்கள்

கோவை மாடித்தோட்டம்:
ஐப்பசி மழை விட்டதும் எங்கள் பக்கத்து நர்சரியில் ரோஜா கவாத்து (கிளை வெட்டும்) வகுப்பு வைப்பார்கள். போர்டு, நோட்டு எதுவும் கிடையாது. நிழல்வலைக்குக் கீழே ஸ்டூல் போட்டு, ஆளுக்கொரு பழைய தொட்டியையும் கத்தரியையும் கொடுத்துவிட்டு "வெட்டுங்க, பார்ப்போம்" என்பார் முதலாளி. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். உள்பக்கக் கணுவுக்கு மேல் வெட்டினால் துளிர் செடிக்குள்ளேயே போய்ப் பின்னிக்கொள்ளும். அப்புறம் காற்று நுழையாது, சாம்பல் நோய் வந்து உட்கார்ந்துவிடும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவச் சொன்னார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்ததுதான். விட்டுவிட்டால் நுனியிலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே கீழே இறங்கும்.

பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக் கத்தரியைத் தொடவே மனசில்லை. "மொட்டு விட்டு நிக்கிற கிளைய எப்படி தம்பி வெட்டுறது?" முதலாளி ஒரே ஒரு கணக்குச் சொன்னார்: வெட்டின நாளிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூ. கார்த்திகையில் வெட்டினால் பொங்கலுக்குப் பறிக்கலாம். அம்மா யோசித்துவிட்டு ஒரு காய்ந்த குச்சியை மட்டும் வெட்டினார்.

ஓசூர்ப் பக்கம்:
அந்த ஒன்றரை மாதக் கணக்குதான் எங்கள் ஊரில் பிழைப்பே. பிப்ரவரி 14-க்குப் பூ வேண்டும் என்றால் டிசம்பர் கடைசியை ஒட்டி வெட்டியாக வேண்டும். குளிர் கூடினால் பூ தள்ளிப்போகும், வெயில் கூடினால் முந்திக்கொள்ளும். காதலர் தினம் முடிந்து மறுநாள் வருகிற பூவுக்கு என்ன விலை கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சென்னை வாசி:
சித்திரை வெயிலில், எங்கள் ஏரியாக் கடை ஒன்றில் ரத்தச் சிவப்பு என்று சொல்லி ஒட்டுச்செடி (காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரகத்தை ஒட்டியது) கொடுத்தார்கள். சிவப்புப் பூ உதிர்ந்தது, மேல் தண்டு காய்ந்தது. ஆனால் அடியிலிருந்து கிளை மட்டும் ஜோராக வளர்ந்தது. பூத்தபோது பார்த்தால் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப்பூ! கேட்டால் "தண்ணி அதிகம் ஊத்திட்டீங்க மேடம்". ஒட்டு கட்டிய முடிச்சுக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும் என்று விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொன்று, இங்கே நிறைய செடி ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருக்கும். அப்படி ஒரு செடியை வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வெளிமண்ணை மெதுவாகக் கரைத்துவிட்டு, செம்மண்ணும் மண்புழு உரமும் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) கலந்த தொட்டியில் வைத்தேன். அது நன்றாக இருக்கிறது.

மதுரைக்காரி:
மே மாதம் ஊட்டி போனவர்கள் எல்லாரும் ஒரு ரோஜாத் தொட்டியோடுதான் இறங்குகிறார்கள். அந்த அரசு ரோஜாப் பூங்கா 2006-ல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது வாங்கியது, அழகில் குறையே இல்லை. ஆனால் அங்கே ஜனவரி வாக்கில் கவாத்து செய்து, அந்தக் குளிரில் நிதானமாகச் சீசனுக்குப் பூக்க வைக்கிறார்கள். அதே ரகத்தை மதுரை மொட்டை மாடியில் வைத்தால் பூ பாதியாகச் சிறுக்கும். எனக்கு எட்வர்ட் ரோஜாவும் பன்னீர் ரோஜாவும் போதும். குல்கந்துக்கும் ஆச்சு, சாமிக்கும் ஆச்சு.

கோவை மாடித்தோட்டம்:
மதுரை அக்கா சொல்வது சரி. எங்கள் நர்சரியிலும் ஆடியில் காய்கறி விதை, மார்கழியில் சாமந்தி, கோடைக்கு மல்லி என்றுதான் முன்வரிசை மாறும். மே மாதம் ரோஜா கேட்டால் "தை வரைக்கும் பொறுங்க" என்று முதலாளி வியாபாரத்தையே தட்டிவிடுவார்.

ஒட்டு வகுப்பு தனி. காட்டு ரோஜாத் தண்டின் பட்டையில் 'டி' மாதிரி கீறி, நல்ல ரகத்தின் கண்ணை (துளிர் வரும் முளை) உள்ளே செருகி, கண் மட்டும் வெளியே தெரிய பாலித்தீன் நாடாவால் சுற்ற வேண்டும். மூணு நாலு வாரம் கழித்தும் கண் பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது. என் மகள் கட்டியது பிடித்தது, என்னுடையது கறுத்துவிட்டது. வருபவர்கள் முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள், அங்கே கையுறை தரமாட்டார்கள்.