போரில் தோற்றவர் பக்கத்துக் கதை: பெரியம்மாவோடு இருந்து பார்க்க எது நல்லது?

கிரான்பிள்ளை:
என் பெரியம்மா 2007 ஜனவரியில் மட்டக்களப்பு வாகரையில் இருந்து சண்டைக்குத் தப்பி ஒரே ஒரு பையோடு வந்தவர். சண்டைக்குப் போன மகன் திரும்பவில்லை. அவருக்குப் படம் பார்க்க விருப்பம். வசனத்தை நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லுவேன்.

போன கிழமை 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' போட்டேன். 2006 இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் என்ற அமெரிக்கர் எடுத்த படம், ஆனால் கதை முழுக்க இரண்டாம் உலகப் போரில் யப்பான்காரரின் பக்கம். சைகோ என்று ஒரு பேக்கரிக்காரப் பொடியன், வீட்டில் மனைவி பிள்ளைத்தாச்சி. குண்டுச் சத்தத்துக்கெல்லாம் பெரியம்மா அசையவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேராத கடிதங்களைக் குகைக்குள் புதைக்கிற இடத்தில்தான் என் கையைப் பிடித்தார். பல வருசம் கழித்து அவற்றைத் தோண்டி எடுப்பதாகப் படம் முடியும். "நம்மட புள்ளையள்ற கடிதத்த ஆரு மனே தோண்டுவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்று பார்ப்போம் என்கிறார். வீரம் பேசாத, வீட்டு மனுசரும் வருகிற கதையாகச் சொல்லுங்கள்.

படுவான்கரையான்:
'தாஸ் பூட்' (1981) எனக்கு மிகவும் பிடித்தது. அதே போரில் நீர்மூழ்கிகளில் போன 40,000 ஜேர்மன் மாலுமிகளில் 30,000 பேர் திரும்பவில்லை என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போடுவார்கள். ஆனால் முழுக்க ஆம்பிளைகளும் இரும்பும்தான், பெரியம்மாவுக்குச் சரிவராது.

ஜேர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் முதலாம் உலகப் போர்க் கதை, 'ஆல் குவைட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' பாருங்கள் தங்கச்சி. 1929 இல் புத்தகமாக வந்தது, 1933 இல் நாசிகள் எரித்தார்கள். 2022 படம் வேண்டாம், 1930 இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேடுங்கள். புத்தகத்தில் போல் (Paul) என்ற இளம் சிப்பாய் லீவில் வீட்டுக்கு வருவான். நோய்க்காரத் தாய் இரவில் அவன் கட்டிலருகே வந்து இருப்பாள், அவனால் எதையும் சொல்ல முடியாது. புதுப் படத்தில் அந்த லீவையே எடுத்துவிட்டார்கள். அது இல்லாமல் எனக்கு அந்தக் கதையே இல்லை.

காத்தான்குடி வாசகன்:
நீங்கள் சொன்ன படங்கள் நல்லவைதான். 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' என்ற யப்பான் கார்ட்டூன் படம் பார்த்து நானும் அழுதேன். கோபே நகரில் குண்டு விழுந்து தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினி கிடந்து சாகிற கதை. ஆனால் அந்த நேரம் யப்பான் படை சீனாவில் செய்தது அதற்குள் இல்லை. 1990 ஆகஸ்டில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகளின் துப்பாக்கிக்கு இழந்த ஊர் எங்களுடையது. தோற்றவர் தங்களுடைய அழுகையை மட்டும் சொன்னால், அவர்கள் கையால் செத்தவரை யார் சொல்வது?

அதனால்தான் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' எனக்கு முக்கியம். அவர் 2015 இல் இறந்த பிறகு வந்த புத்தகம். தன் பக்கத்துப் பிழைகளையும் எழுதியிருக்கிறார். சிலருக்கு அது கோபம். எனக்கு அது நம்பிக்கை.

கிரான்பிள்ளை:
காத்தான்குடி நானா, உங்கள் கேள்வியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன நேரம் பேசாமல் இருந்தார். மறுகா, "அந்தத் தாய்மாரும் நம்மளப் போலதானே இருப்பாங்க" என்றார். தமிழினியின் புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை இரவு 1930 படம். தாய் கட்டிலடிக்கு வருவதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "லைட்ட நூக்காத மனே, வெளிச்சத்திலயே பாப்பம்" என்றார்.