பெரியப்பாவின் நட்சத்திரம்

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது* ஈட்டா கரினே என்ற ராட்சத நட்சத்திரம் இன்றிரவு வெடிக்கிறது!! கதிர்வீச்சு பூமியைத் தாக்கும். 12 மணிக்கு மேல் போனைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். பத்துப் பேருக்கு அனுப்பவும் 🙏

சித்தி: ஐயோ, நிஜமாகவா மாமா?

நித்யா: அப்பா, நட்சத்திரம் நிஜம். இன்றிரவு என்பது பொய். தலைமாடு யாருடைய கைச்சரக்கோ தெரியவில்லை.

பெரியப்பா: எனக்கு வந்தது, அனுப்பினேன்.

நித்யா: ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. தேதி சொல்ல யாராலும் முடியாது. அது இருப்பது 7,500 ஒளியாண்டு தள்ளி, அதாவது அதன் வெளிச்சம் இங்கே வந்து சேரவே 7,500 ஆண்டு ஆகும். இன்றிரவு வெடிப்பு நம் கண்ணில் பட வேண்டுமென்றால், 7,500 ஆண்டுக்கு முன்பே வெடித்திருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து போனையும் ஒன்றும் செய்யாது, நம்மையும் ஒன்றும் செய்யாது. சித்தி, நிம்மதியாகத் தூங்குங்கள்.

கவின்: அக்கா, அது ஏன் வெடிக்கணும்? சூரியன் சும்மாதானே இருக்கு?

நித்யா: அங்கேதான் சுவாரசியமே. அதன் எடை ஏறக்குறைய 100 சூரியன். வெளிச்சமோ 50 லட்சம் சூரியன். எடை நூறு மடங்கு, வெளிச்சம் லட்சக்கணக்கில். அந்த வெளிச்சமே அதன் மேல்தோலை வெளியே தள்ளுகிறது.

சித்தி: வெளிச்சம் எங்கேயாவது தள்ளுமா?

நித்யா: தள்ளும் சித்தி. வால்வெள்ளியின் தூசி வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நீள்வதே வெளிச்சம் தள்ளுவதால்தான். ஈட்டா கரினேயில் உள்ளே இழுக்கும் ஈர்ப்பும் வெளியே தள்ளும் ஒளியும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. கொஞ்சம் பிசகினால் தன் உடம்பையே பிய்த்து எறிந்துவிடும். இந்த வகைக்கு ஒளிர்நீல மாறுவிண்மீன் என்று பெயர், மிக அபூர்வம்.

பெரியப்பா: எறிந்திருக்கிறதா?

நித்யா: நல்ல கேள்வி அப்பா. 1837 டிசம்பரில் ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்தார். பல நாள் பார்த்துப் பழகிய நட்சத்திரம் திடீரென்று பளிச்சென்று நின்றது. 1843-ல் வானத்திலேயே சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் இதற்குத்தான். அப்புறம் மங்கி மங்கி, சில ஆண்டுகளில் வெறும் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. அந்தச் சமயத்தில் 10 சூரியன் எடைக்குக் குறையாமல் கக்கிவிட்டது. ஆனால் சாகவில்லை!

நித்யா: 📷 படம்

சித்தி: உடுக்கை மாதிரி இருக்கே!

நித்யா: அதேதான், இடுப்பு சிறுத்து இரண்டு பக்கமும் உப்பி. கக்கியதுதான் அந்த இரண்டு உருண்டை, இன்னும் நொடிக்கு 650 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. நட்சத்திரம் இடுப்பில் தூசிக்குள் ஒளிந்திருக்கிறது. ஒன்று அல்ல, இரண்டு. சின்னது ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை பெரியதைச் சுற்றி வந்து, நெருங்கும்போது சூரியனுக்கும் செவ்வாய்க்கும் உள்ள இடைவெளிக்கு வந்துவிடும்.

கவின்: 1843-ல் பார்த்தவங்க அதிர்ஷ்டசாலிகள்.

நித்யா: நாமும்தான். அப்போது வேறு திசையில் போன வெளிச்சம் தூரத்துத் தூசி மேகத்தில் பட்டுத் திரும்பி, 170 ஆண்டு தாமதமாக இங்கே வந்தது. அதே வெடிப்பை நவீனத் தொலைநோக்கியில் மறுபடி பார்த்து 2012-ல் கட்டுரையே எழுதினார்கள்.

கவின்: பெரியப்பாவின் குட் மார்னிங் மாதிரி 😂

பெரியப்பா: சிரிக்காதே. இப்போது தெரியுமா?

நித்யா: மங்கலாகத் தெரியும். தெற்கு வானம், கரினா விண்மீன் கூட்டம். தெற்கே போகப் போக உயரமாக இருக்கும்.

பெரியப்பா: சரி. அனுப்பியதை எப்படி அழிப்பது?

கவின்: அந்தச் செய்தியை அழுத்திப் பிடியுங்கள், ‘எல்லோருக்கும் நீக்கு’ வரும்.

பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவின்: பெரியப்பா, நீங்கள் அழித்தது ‘எப்படி அழிப்பது’ என்ற கேள்வியை.