பிளாட்டினத்துக்கு அடியில் நிக்கல் ஆக்சைடு: திரும்புவது ஸ்பினா, சூடேறுவது உலோகமா?

பல்ஸ்காரன்:
நினைவகத்துக்கான சோதனை: மெக்னீசியம் ஆக்சைடு மேல் நிக்கல் ஆக்சைடு படலம், அதன் மேல் 5 நானோமீட்டர் பிளாட்டினம். நிக்கல் ஆக்சைடு ஓர் ஆன்டிஃபெர்ரோ காந்தம்: பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) எதிரெதிராக நிற்கும். எட்டுக் கை கொண்ட நட்சத்திர வடிவம். ஒரு திசையில் ஐந்து மின் பல்ஸ் கொடுத்தால் குறுக்கு மின்தடை படிப்படியாக ஏறுகிறது, செங்குத்துத் திசையில் ஐந்து கொடுத்தால் இறங்குகிறது. வரைபடம் ரம்பப் பல் மாதிரி அழகாக வருகிறது. நீல் வெக்டர் (அந்த ஸ்பின்கள் நிற்கும் திசை) திரும்புகிறது, கட்டுரை எழுத ஆரம்பி என்கிறார் வழிகாட்டி. எனக்கோ உறுத்தல். போன வாரம் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டியதும் சிக்னல் இரட்டிப்பானது, மறுநாள் ஒரு கை செத்துவிட்டது. ஆன்டிஃபெர்ரோ காந்தத்துக்கு நிகரக் காந்தமே இல்லை, காந்தமானியில் வைத்தாலும் எதுவும் தெரியாது. எப்படித்தான் உறுதி செய்வது?

எதிரெதிர்:
எழுதாதீர்கள், பொறுங்கள். நானும் இதே ரம்பப் பல்லைப் பார்த்து இரண்டு நாள் தூங்காமல் மகிழ்ந்தவன்தான். நிக்கல் ஆக்சைடே இல்லாமல் வெறும் பிளாட்டினத்தில் செய்து பார்த்தீர்களா? காந்தமே இல்லாத மாதிரியிலும் இதே வடிவம் வரும் என்று 2019இல் ஆய்வுக் கட்டுரையே வந்தாயிற்று. அத்தனை மின்னோட்டத்தில் பிளாட்டினம் சூடேறி, கைகள் சந்திக்கும் மூலைகளில் அணுக்கள் இடம் பெயரும். அந்தச் செத்த கை அதற்குச் சாட்சி. ஸ்பின் நிஜமாகத் திரும்பினால் ஓர் எல்லைக்கு மேல் திரும்ப ஒன்றும் மிச்சமிருக்காது, சிக்னல் அங்கே நின்றுவிட வேண்டும். உங்களுடையது ஏறிக்கொண்டே போகிறதே.

இன்னொன்று: பல டெஸ்லா காந்தப்புலத்தைச் சுழற்றி, ஸ்பின் ஹால் மின்தடை மாற்றத்தை (அடியிலுள்ள ஸ்பின்களின் திசைக்கேற்ப பிளாட்டினத்தின் மின்தடை மாறுவதை) அளந்துகொள்ளுங்கள். நீல் வெக்டர் முழுதாகத் திரும்பினால் கிடைக்கக்கூடிய உச்சம் அதுதான். பல்ஸில் வருவது அதைவிடப் பெரிதாக இருந்தால், காந்தத்தை மறந்துவிடுங்கள்.

வெளியாள்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு அடம் பிடிக்கும் பொருளை நினைவகத்துக்கு ஏன் கட்டியழ வேண்டும்?

எதிரெதிர்:
ஆன்டிஃபெர்ரோ காந்தக் கொள்கையைத் தந்த லூயி நீலே 1970 நோபல் உரையில் இதற்குப் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்! ஆனால் பக்கத்து பிட்டைத் தொந்தரவு செய்யும் கசிவுப் புலம் இதில் இல்லை. வெளிக் காந்தம் எளிதில் அழிக்காது. இரும்பு போன்ற வழக்கமான ஃபெர்ரோ காந்தம் கிகாஹெர்ட்ஸில் ஆடினால் இது டெராஹெர்ட்ஸில் ஆடும். சிக்கல், எழுதியதைப் படிப்பதில்தான். அதிலும் 2023இல் மாங்கனீசு–பிளாட்டினம் சேர்மத்தில் செய்த சுரங்கச் சந்தி (மெல்லிய தடுப்பை எலெக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்லும் அடுக்கு), அறை வெப்பநிலையிலேயே 100 சதவீதத்தை ஒட்டிய மின்தடை மாற்றம் காட்டியது. தவிர, சில வகை எம்ரேமில் (காந்த நினைவகச் சிப்பில்) பிட்டை ஒப்பிட்டுப் படிக்க உதவும் ஒப்பீட்டு அடுக்கை அசையாமல் பிடித்திருப்பதும் ஓர் ஆன்டிஃபெர்ரோ காந்தம்தான். கூலியில்லாக் காவல்காரன்.

பல்ஸ்காரன்:
வெறும் பிளாட்டினத்தில் செய்துவிட்டேன். அதே ரம்பப் பல், மூன்றில் இரண்டு பங்கு உயரம். இதைக் கழித்துவிட்டு மீதியைக் காந்தக் கணக்கில் எழுதலாமா?

எதிரெதிர்:
கழிக்காதீர்கள். இடையில் நிக்கல் ஆக்சைடு இருந்தால் வெப்பம் இறங்கும் விதமே வேறு, அதனால் இரண்டு மாதிரியிலும் பிளாட்டினம் ஒரே அளவு சூடாகியிருக்காது. வெறும் பிளாட்டினம் வாய்திறக்காத அளவுக்கு மின்னோட்டத்தைக் குறையுங்கள். அந்த மின்னோட்டத்திலும் நிக்கல் ஆக்சைடு உள்ள துண்டு ஏதாவது பேசினால், வழிகாட்டியிடம் போங்கள்.

பல்ஸ்காரன்:
சரி. இன்னும் ஏழு கை மிச்சம் இருக்கிறது.