டிஸ்கிரைப், எக்ஸ்பிளெயின்: எங்கே எது?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத் தேர்வுத் தாள்களில் சில கேள்விகள் ‘டிஸ்கிரைப்’ என்று தொடங்குகின்றன, சில ‘எக்ஸ்பிளெயின்’ என்று. இரண்டுக்கும் ஒரே பாணியில் விடை எழுதினால் ஒன்றில் மதிப்பெண் குறைகிறது. வித்தியாசம் என்ன? பேச்சில் ஒன்றுக்கு மற்றதைப் போடலாமா?

பதில் 1:
டிஸ்கிரைப் என்றால் எது, எப்படி, எவ்வளவு, எந்த வரிசையில் என்று சொன்னால் போதும். எக்ஸ்பிளெயின் என்றால் ‘ஏன் அப்படி’ வந்தே ஆகவேண்டும்.

பனிக்கட்டியைச் சூடாக்கும் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். டிஸ்கிரைப் கேட்டால்: வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸிலிருந்து 0 வரை ஏறுகிறது, அங்கே கோடு சற்று நேரம் சமமாக ஓடுகிறது, பிறகு 100 வரை ஏறி மறுபடி சமமாகிறது. எண், அலகு, கோடு திரும்பும் இடம் மூன்றும் இருக்கவேண்டும். எக்ஸ்பிளெயின் கேட்டால்: 0 டிகிரியில் உள்ளே போகும் வெப்பம் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பை மீறவே செலவாகிறது, அவற்றின் சராசரி இயக்க ஆற்றல் கூடுவதில்லை, அதனால்தான் வெப்பநிலை ஏறவில்லை.

பலர் சறுக்குவது இங்கேதான். “வெப்பநிலை மாறாததால் கோடு சமமாக உள்ளது” என்று எழுதிவிட்டு, ‘பிகாஸ்’ போட்டாயிற்றே என்று இருந்துவிடுவார்கள். அது காரணமே இல்லை, பார்த்ததையே இரண்டாம் முறை சொல்வது.

பதில் 2:
மேலே சொன்னதோடு ‘ஹவ்’ பற்றியும் சேர்க்கவேண்டும், ஏனென்றால் அது இரண்டோடும் ஒட்டும். இதயத்தில் ரத்தம் எப்படிப் போகிறது என்று ‘டிஸ்கிரைப் ஹவ்’ கேட்டால் அறைகளையும் வால்வுகளையும் வரிசை தப்பாமல் எழுதுங்கள். வால்வு எப்படிப் பின்னோட்டத்தைத் தடுக்கிறது என்று ‘எக்ஸ்பிளெயின் ஹவ்’ கேட்டால் வரிசை போதாது: கீழறை சுருங்கும்போது அங்கே அழுத்தம் மேலறையைவிடக் கூடுகிறது, அந்த அழுத்தமே வால்வைத் தள்ளி மூடுகிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குக் காரணமாக நிற்கவேண்டும்.

பதில் 3:
பேச்சில் மாற்றிப் போடமுடியாது, பல இடங்களில் இலக்கணமே இடம் தராது. ‘எக்ஸ்பிளெயின் மீ தி ரூல்’ நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ‘எக்ஸ்பிளெயின் தி ரூல் டு மீ’ என்பதே சரி. ‘டிஸ்கிரைப் அபவுட்’ கூடாது, நேராகப் பொருளைச் சொல்லுங்கள். ‘ஹி எக்ஸ்பிளெயின்ட் தட் தி ட்ரெயின் வாஸ் லேட்’ சரி. அதே இடத்தில் ‘டிஸ்கிரைப்ட் தட்’ வராது. ஒருவரை ‘ஷை’ என்று சொல்ல ‘டிஸ்கிரைப் ஹிம் அஸ் ஷை’.

நேர்முகத் தேர்வில் ‘டிஸ்கிரைப் யுவர்செல்ஃப்’ என்பது சாதாரணக் கேள்வி. ‘எக்ஸ்பிளெயின் யுவர்செல்ஃப்’ என்றாலோ, செய்த காரியத்துக்குக் காரணம் கேட்டு அதட்டுகிறார்கள்!

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் பணியில் வரைபடம் வருகிறதே, அங்கே காரணம் எழுதலாமா?

பதில் 1:
வேண்டாம். குறைந்தது 150 சொற்களில் படத்தில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்: பொதுப் போக்கு, உச்சம், வீழ்ச்சி, ஒப்பீடு. “விலை ஏறியதால் விற்பனை சரிந்தது” என்று படத்தில் இல்லாத காரணத்தை ஊகித்து எழுதினால், அது தேவையற்ற செய்தியாகவே எடுத்துக்கொள்ளப்படும். காரணங்களும் உங்கள் கருத்தும் இரண்டாம் பணிக் கட்டுரைக்கு உரியவை.