புதுப்பிப்பு: ஜெர்மன் பூசைக்குப் போவதா, வேண்டாமா?

ஜெர்மனியில் கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு பூசை (திருப்பலி) ஒன்றுமே புரியவில்லை, போய்த்தான் ஆகவேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போகிறேன். தேவகோட்டை அத்தை சொன்ன வழிதான் பலித்தது. இலத்தீன் முறைக் கத்தோலிக்கருக்கு ஞாயிறு வாசகங்கள் (பூசையில் வாசிக்கும் பைபிள் பகுதிகள்) மூன்றாண்டுச் சுழற்சியில் பெரும்பாலும் எங்கும் ஒன்றே. அத்தை சனிக்கிழமையே தமது தமிழ் வாசகப் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார். ஓரத்தில் எப்போதும் அவரது கட்டைவிரல். அதைப் படித்துவிட்டுப் போனால் நற்செய்தி எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துவிடுகிறது. பாட்டுக்குக் கவலையில்லை: சுவரில் பாட்டு எண் காட்டும் பலகை, கையில் 2013-இல் புதிதாக வந்த 'கோட்டஸ்லோப்' பாட்டுப் புத்தகம்.

மறையுரைதான் (குருவின் பிரசங்கம்) இன்னும் பிடிபடவில்லை. (தேவகோட்டையிலும் சில நாள் அப்படித்தான் இருந்தது, அது வேறு கதை.) பாவசங்கீர்த்தனத்தை (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதை) மட்டும் விடுமுறைக்கு ஊர்ப்பக்கத்துத் திருத்தலமான ஓரியூர் போகும்போது தமிழிலேயே வைத்துக்கொள்வதாக முடிவு.