ஹார்ன் அடிச்சா முதல்ல மாஸ்க்கா, இல்ல என்னன்னு பாக்கணுமா? (ஹீலியோஸ் 522)

வலதுசீட்டு:
வணக்கம் எல்லாருக்கும். போயிங் 737 ஓட்டறதுக்கான பயிற்சி (டைப் ரேட்டிங்) பண்ணிட்டு இருக்கேன். நேத்து கிளாஸ்ல ஹீலியோஸ் 522 எடுத்தாங்க. 2005 ஆகஸ்ட் 14, சைப்ரஸ் லார்னகால இருந்து ஏதென்ஸ் கிளம்பின ஃப்ளைட் விழுந்து 121 பேரும் இறந்துட்டாங்க. முந்தின ராத்திரி பிரஷர் லீக் செக் பண்ணவங்க கேபின் காத்தழுத்த செலக்டரை ஆட்டோவுக்கு மாத்தாம மேனுவல்லயே விட்டுட்டாங்க, க்ரூவும் செக்லிஸ்ட்ல அதை கவனிக்கல, அதுவரைக்கும் புரியுது. 12,000 அடி கிட்ட ஹார்ன் அடிக்குது, ஆக்ஸிஜன் மாஸ்க் கைக்கு எட்டற தூரத்துல இருக்கு, ரெண்டு பேருமே ஏன் எடுக்கல? எங்க பேட்ச்ல பாதி பேர் "என்ன வார்னிங்னு உறுதி பண்ணிட்டுதான் எதுவும் செய்யணும்"ங்கறாங்க. சீனியருங்க சொல்லுங்க.

மேகம்தாண்டி:
தம்பி, அந்த ஹார்ன் சத்தத்தை சிம்ல (சிமுலேட்டர்) கேட்டிருப்பீங்க. தரையில அடிச்சா டேக்ஆஃப் கான்ஃபிக் (கிளம்பறதுக்கான செட்டிங் சரியில்ல), வானத்துல அடிச்சா கேபின் ஆல்டிட்யூட் (உள்ள காத்தழுத்தம் குறைஞ்சிருச்சு), ரெண்டுக்கும் ஒரே சத்தம். முதல் வார்னிங்கை வருஷம் முழுக்க கேப்போம், ரெண்டாவதை சர்வீஸ் முடியற வரைக்கும் கேக்காதவங்க நிறைய பேர். 522 க்ரூ முதல் வார்னிங்னு நினைச்சு ஆட்டோபைலட்டை எடுத்துட்டு த்ரஸ்ட் லீவரை (இன்ஜின் பவர்) பின்னால இழுத்தாங்க, கை பழக்கம் அப்படித்தான் போச்சு. அதனால அவங்களை மட்டும் குத்தம் சொல்ல என்னால முடியாது, பின்னாடி தனித்தனி லைட் வச்சாங்கன்னா அது சத்தம் மட்டும் போதலன்னு ஒத்துக்கிட்டதுதான்.

ஏழாயிரத்துஎழுநூறு:
மேகம்தாண்டி சொல்றது சரிதான், ஆனா நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். கீழ இருந்த இன்ஜினியர் பிரஷரைசேஷன் பேனல் ஆட்டோல இருக்கான்னு கேட்டார், அதுக்கு பதில் வரல, எக்விப்மென்ட் கூலிங் பிரேக்கர் (கருவிகளைக் குளிர்விக்கற சர்க்யூட்டோட பிரேக்கர்) எங்க இருக்குன்னு ப்ளேன்ல இருந்து கேள்விதான் திரும்பி வந்துச்சு. ஹார்ன்ல இருந்து கடைசி பேச்சு வரைக்கும் சுமார் 8 நிமிஷம், அப்ப 28,900 அடி தாண்டியாச்சு. ஹைபாக்ஸியா (ஆக்ஸிஜன் குறைவு) வலிக்காது தம்பி, அதுதான் பிரச்சனையே. சேம்பர் ட்ரெயினிங்ல (அழுத்தம் குறைச்ச அறையில பயிற்சி) 25,000 அடி அளவுல எனக்கு பேப்பர்ல கழித்தல் கணக்கு குடுத்தாங்க, எல்லாம் சரியா போட்டேன்னு அவ்ளோ நம்பிக்கையா இருந்துச்சு, மாஸ்க் போட்டதும் பாத்தா ஒரே நம்பரை நாலு தடவை எழுதி கடைசி வரி கோடா இழுத்துட்டு போயிருக்கு. உறுதி பண்ணிக்கிட்டு செய்யலாம்னு நினைக்கற மூளைதான் முதல்ல போகுது. அதனால மாஸ்க் முதல்ல. பொய் வார்னிங்னா கழட்டி வச்சுக்கலாம்.

கேலிவாசல்:
நான் கேபின் க்ரூ, 11 வருஷம். எங்க பக்கமும் பேசுங்க. கேபின் ஆல்டிட்யூட் 14,000 அடி தாண்டினா பயணிகளுக்கு மாஸ்க் தானா விழும், காக்பிட்ல அது விழாது, அவங்களேதான் எடுத்து போடணும். மாஸ்க் விழுந்தும் ப்ளேன் இறங்காம ஏறிக்கிட்டே இருந்தா அது ரொம்ப தப்பான சிக்னல், உடனே இன்டர்காம்ல கூப்பிடணும், பதில் வரலன்னா போர்ட்டபிள் ஆக்ஸிஜன் பாட்டிலோட காக்பிட் கதவுக்கு போகணும். பயணிகளோட ஆக்ஸிஜன் 12 நிமிஷ கணக்குதான், அதுக்குள்ள 10,000 அடிக்கு இறங்கிடுவாங்கன்னு நம்பித்தான் அந்த அளவு. 522ல கடைசியா ஒரு ஃப்ளைட் அட்டெண்டன்ட் காக்பிட்டுக்குள்ள வந்ததை பக்கத்துல பறந்த எஃப்-16 போர் விமான பைலட் பாத்தார், அப்ப எரிபொருளே தீர்ந்துட்டு இருந்துச்சு. அவர் கொஞ்சம் முன்னாடி உள்ள போயிருந்தாங்கற நினைப்பு வந்தா இன்னைக்கும் எனக்கு தூக்கம் வராது.

வலதுசீட்டு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அந்த கழித்தல் கணக்கு விஷயம் மனசுல நின்னுருச்சு. நாளைக்கு சிம்ல ரேபிட் டீகம்ப்ரெஷன் (கேபின் அழுத்தம் திடீர்னு போறது) பயிற்சி இருக்கு, வேற ஏதாவது கவனிக்கணுமா?

மேகம்தாண்டி:
கண்ணாடி போடுவீங்கன்னா கண்ணாடியோடவே மாஸ்க் மாட்டிப் பழகுங்க, சிவப்பு கிரிப்பை அழுத்தி ஸ்ட்ராப் விரிஞ்சதும் தலைக்கு மேல கொண்டு வந்து விடுங்க, ஒரே கை போதும். மாட்டினதும் மைக்கை மாஸ்க்குக்கு மாத்துங்க. நிறைய பேர் அதை மறந்துட்டு மேடே மேடேன்னு (ஆபத்து அழைப்பு) கத்துவாங்க, பக்கத்து சீட்டுக்கே கேக்காது.