பேட்ச் ஆன்டெனாவில் மெட்டாமெட்டீரியல்: செய்து பார்த்தவர்கள் கண்டதை எழுதுங்கள்

தஞ்சாவூர்

ப்ராஜெக்ட் காலம் தொடங்கிவிட்டது. பேட்ச் (போர்டில் அச்சிட்ட தட்டையான செம்பு ஆன்டெனா) மேல் ரிங் (ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் பிளவுள்ள செம்பு வளையங்கள்; இவற்றை வரிசையாக அச்சிட்ட போர்டுதான் இங்கே மெட்டாமெட்டீரியல்) போட்டால் கெயின், அதாவது சிக்னலை ஒரு திசையில் குவித்து அனுப்பும் திறன், ஏறும் என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு நிறையப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அளவு, பொருள், எங்கே தப்புகிறது, ஏன் தப்புகிறது என்று தெரிந்தவர்கள் எழுதினால் அவர்களுக்கு உதவும். உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். ரிங்கைத் தொடுவதற்கு முன் வெறும் பேட்ச் ஒன்றை வெட்டி அளந்துவிடுங்கள். 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு, 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்டில், எப்சிலான் (பொருளுக்குள் அலை எவ்வளவு சுருங்கும் என்று சொல்லும் எண், டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்) 4.4 என்று வைத்தால் அகலம் 37.3 மி.மீ., நீளம் 28.8 மி.மீ. வரும். 50 ஓம் ஃபீட் லைன் (பேட்ச்சுக்குச் சிக்னல் கொண்டுவரும் செம்புப் பட்டை) சுமார் 3 மி.மீ. அகலம். கடையில் வாங்கும் எஃப்ஆர்4-இன் எப்சிலான் 4.2 முதல் 4.6 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். அந்த வித்தியாசமே அதிர்வெண்ணை இரண்டு பக்கமும் 50 மெகாஹெர்ட்ஸ் வரை தள்ளும். வைஃபை பேண்டின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே வெறும் பேட்ச் எந்த அதிர்வெண்ணில் ரெசனேட் ஆகிறது என்று பார்த்து, அதிலிருந்து உங்கள் ஷீட்டின் எப்சிலானைத் திருப்பிக் கணக்கிட்டு சிமுலேஷனில் கொடுங்கள். ரிங் வெட்டுவதும் அதே ஷீட்டிலிருந்தே இருக்கட்டும்.

மன்னார்குடி

தஞ்சாவூர் சார் சொன்னது சரி. அதற்கு அடுத்த படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஸ்ப்ளிட் ரிங்கை 1999-இல் இயற்பியலாளர் ஜான் பென்ட்ரியின் குழு முன்வைத்தபோது அடிப்படை இதுதான்: காந்தப்புலம் வளையத்தின் ஓட்டை வழியாக ஊடுருவ வேண்டும். அப்போதுதான் வளையத்தில் மின்னோட்டம் சுற்றும், மியூ (காந்தப்புலத்துக்குப் பொருள் காட்டும் பதிலைச் சொல்லும் எண்) நெகட்டிவ் ஆகும். இப்போது பேட்ச்சுக்கு மேலே, அதற்கு இணையாக, ரிங் அச்சிட்ட போர்டை வைக்கிறீர்கள். பேட்ச்சிலிருந்து நேரே மேலே வரும் அலையின் காந்தப்புலம் போர்டின் தளத்திலேயே படுத்துக் கிடக்கிறது. வளையத்துக்குள் புகவே இல்லை. அப்படியிருக்க, ரிப்போர்ட்டில் மட்டும் 'மியூ நெகட்டிவ்' என்று கிராஃப் ஒட்டியிருப்பார்கள். யூனிட் செல்லை (ஒரு ரிங்கை மட்டும்) சிமுலேட் செய்யும்போது அலையைப் பக்கவாட்டில் விட்டிருப்பார்கள், பேட்ச் மேல் அது செங்குத்தாக வருகிறது. அந்த கிராஃபுக்கும் இந்த ஆன்டெனாவுக்கும் சம்பந்தமில்லை.

பிறகு எப்படி வேலை செய்கிறது? மின்புலம் வழியாக. ரிங்கில் பிளவு உள்ள பக்கத்துக்கு இணையாக மின்புலம் இருந்தால் அதே ரெசனன்ஸ் தூண்டப்படும். போர்டை 90 டிகிரி திருப்பி வைத்தால் அந்த விளைவு காணாமல் போகும். பேட்ச்சின் நீளவாட்டம்தான் மின்புலத்தின் வாட்டம். மார்க்கரால் இரண்டு போர்டிலும் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

கெயின் உண்மையில் ஏறுவது வேறொரு காரணத்தால். மேலே உள்ள அடுக்கு அலையைப் பாதி திருப்பி அனுப்புகிறது, கீழே கிரவுண்ட் (போர்டின் அடிப்பக்கச் செம்பு) முழுதும் திருப்புகிறது, நடுவில் ஒரு குழி உண்டாகிறது. 1956-இலேயே ட்ரென்டினி என்ற ஆய்வாளர் எழுதிவைத்த கணக்கு இது. அடுக்கின் பிரதிபலிப்பு ஆர் என்றால், டைரக்டிவிட்டி (நஷ்டத்தைக் கழிக்காமல் கணக்கிடும் குவிப்பு) அதிகபட்சம் (1+ஆர்)/(1−ஆர்) மடங்கு கூடும். ஆர் 0.5 என்றால் 3 மடங்கு, அதாவது 4.8 டிபி. அதுவும் மேலடுக்கு போதிய அளவு அகலமாக இருந்தால்தான். பேட்ச் சைஸுக்கே வெட்டினால் ஓரத்தில் அலை வழிந்துவிடும். ஆர் கூடக்கூட பேண்ட்விட்த் (ஆன்டெனா வேலை செய்யும் அதிர்வெண் அகலம்) சுருங்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

சாதாரண அடுக்குக்கு இடைவெளி அரை அலைநீளம், 2.45-க்கு 61 மி.மீ. இதில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ரெசனன்ஸ் ஏறக்குறைய 40 மெகாஹெர்ட்ஸ் நகர்கிறது. ரிங் அலையைத் திருப்பும்போது ஏற்படும் ஃபேஸ் மாற்றம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இடைவெளி கால் அலைநீளமாக, 30 மி.மீ. அளவுக்குக் குறையும். மெட்டாமெட்டீரியல் தரும் நிஜ லாபம் இந்த உயரக் குறைப்புதான் என்பது என் கருத்து. தாங்குவதற்கு நைலான் எம்3 ஸ்டட் போடுங்கள், பித்தளை வேண்டாம். டிவி பெட்டியில் வரும் தெர்மோகோலை அளந்து வெட்டி நடுவில் வைத்தாலும் போதும். அதன் எப்சிலான் கிட்டத்தட்ட காற்றுதான்.

முக்கியமான ஒன்று: ரிங் இல்லாத வெறும் எஃப்ஆர்4 அட்டையை அதே அளவில், அதே உயரத்தில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். வெறும் அட்டையே கொஞ்சம் கெயின் தரும். அந்தக் கணக்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் ரிங்கின் உழைப்பு.

கும்பகோணம்

எச்சிங் பற்றி, அதாவது வேண்டாத செம்பைப் பெரிக் குளோரைடில் கரைத்தெடுப்பது பற்றி. ரிங்கின் வெளிப்பக்கம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு, 12 மி.மீ.க்குள். லைன் 0.5, பிளவு 0.3 மி.மீ. என்று வரைகிறோம். இதற்குக் கீழே போனால் டோனர் முறை (லேசர் பிரின்ட்டை போர்டில் சூடாக அழுத்தி ஒட்டுவது) தாங்காது. 35 மைக்ரான் செம்பு கீழே கரையும்போது பக்கவாட்டிலும் அதே அளவு அரிக்கும். போர்டை அதிக நேரம் ஊறவிட்டால் 0.3 பிளவு 0.4 ஆகிவிடும், கெபாசிட்டன்ஸ் குறைந்து அதிர்வெண் மேலே ஏறும். பெரிக் குளோரைடை வெந்நீர்த் தட்டில் வைத்து 40 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் முடியும், அரிப்பும் குறையும்.

எச்சிங் முடிந்ததும் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸால் ஒவ்வொரு பிளவையும் பாருங்கள். வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். லென்ஸில் பார்த்தால் பிளவின் அடியில், கண்ணாடி இழையின் பள்ளத்தில், மயிரிழை மாதிரி ஒரு செம்புக் கம்பி இரண்டு முனையையும் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த ரிங் செத்த ரிங். பிளேடு முனையால் சுரண்டினால் உயிர் வரும். மல்டிமீட்டர் இங்கே உதவாது: பிளவின் இரண்டு முனையில் வைத்தால் வளையத்தைச் சுற்றியே கன்டினுவிட்டி வந்துவிடும், எப்போதும் பீப் அடிக்கும். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மீட்டர் போதும்.

திருவாரூர்

ஒரு கேள்வி. வாய்க்கால் மதகில் நீர்மட்டம் அளக்கும் லோரா (குறைந்த பவரில் நெடுந்தூரம் போகும் ரேடியோ) நோடு, 865–867 மெகாஹெர்ட்ஸ். பேட்ச் 105-க்கு 82 மி.மீ. வருகிறது. கிரவுண்டில் சிஎஸ்ஆர்ஆர் வெட்டி, சின்ன பிவிசி ஜங்ஷன் பாக்ஸுக்குள் அடக்கலாமா அண்ணா?

மன்னார்குடி

அடங்கும் தம்பி, ஆனால் வேண்டாம்.

சிஎஸ்ஆர்ஆர் என்பது ரிங்கின் எதிர்ப்பதிப்பு, செம்பில் வெட்டிய ரிங். அதைத் தூண்டுவது தளத்துக்குச் செங்குத்தான மின்புலம். பேட்ச்சுக்குக் கீழே அந்தப் புலம் இரண்டு ரேடியேட்டிங் (அலை வெளியேறும்) ஓரங்களிலும் உச்சம், நடுவில் பூஜ்யம். ஆகவே சுருக்க வேண்டுமென்றால் ஓரத்துக்கு அடியில் வெட்ட வேண்டும். நடுவில் வெட்டிவிட்டு ஒன்றும் நகரவில்லையே என்று கேட்கிறார்கள். கிரவுண்டில் ஓட்டை போட்டதால் பின்பக்கமும் ரேடியேஷன் கசியும். உன் மதகில் பின்னால் இரும்பு ஷட்டர் இருக்கிறது, அது ஓட்டையை மூடினால் ட்யூனிங் மொத்தமாகப் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நஷ்டம். 866-இல் அலைநீளம் 346 மி.மீ., போர்டின் தடிமன் அதில் இருநூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. எஃப்ஆர்4-இன் லாஸ் டேன்ஜென்ட் (போர்டு எவ்வளவு பவரைச் சூடாக்கி வீணாக்கும் என்று சொல்லும் எண்) 0.02. கொடுக்கும் பவரில் பெரும்பகுதி போர்டிலேயே சூடாகிவிடும், சுருக்கச் சுருக்க இன்னும் மோசம். இடம் இருந்தால் தகட்டில் 10 மி.மீ. காற்று இடைவெளி விட்டு பேட்ச் செய். நீளம் 160 மி.மீ. பக்கம் போகும், ஆனால் பேட்டரி நிற்கும். ரிங் லேயர் வைத்தே ஆகவேண்டும் என்றால் ஆர்ஓ4003சி மாதிரி 0.0027 லாஸ் உள்ள போர்டில் செய். விலை அதிகம்தான்.

வேதாரண்யம்

உப்பளப் பக்கம் வைப்பவர்களுக்கு: மொட்டைச் செம்பு இங்கே பச்சை பூத்துவிடும். லேக்கர் அல்லது சால்டர் மாஸ்க் அடித்தே ஆகவேண்டும். அது பிளவுக்குள்ளும் நிரம்பி கெபாசிட்டன்ஸைக் கூட்டும், ரிங் கீழே இறங்கும். அதனால் பூச்சைச் சேர்த்து சிமுலேட் செய்யுங்கள், பூசிய பிறகே கடைசி ட்யூனிங்.

மார்கழிப் பனி இன்னொரு எதிரி. தண்ணீரின் எப்சிலான் 80 பக்கம். மேலடுக்கில் ரிங் வெளிப்பக்கம் இருந்தால், காலையில் பிளவின் மேல் ஒரு சொட்டு உட்கார்ந்தாலே போதும், வெயில் ஏறும்வரை லிங்க் தடுமாறும். ரிங் பக்கத்தைக் கீழே, பேட்ச்சைப் பார்த்து வையுங்கள். அதற்கு மேல் காற்று இடைவெளி விட்டுப் பாலிகார்பனேட் மூடி, கொஞ்சம் சாய்வாக. 2018 நவம்பரில் கஜா பார்த்த ஊர் இது, மேலடுக்கு காற்றில் ஆடினால் மேலே சொன்ன ஒரு மில்லிமீட்டர் கணக்கு உடனே நினைவுக்கு வரும். நான்கு மூலையோடு நடுவிலும் ஒரு தாங்கல் கொடுங்கள்.

மயிலாடுதுறை

எஸ்11 (கொடுத்த சிக்னலில் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருவது) மைனஸ் 30 டிபி வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நஷ்டம் அதிகமான போர்டும் அழகான எஸ்11 காட்டும். டம்மி லோடு (எதையும் வெளியே அனுப்பாத வெறும் ரெசிஸ்டர்) அதைவிட அழகாகக் காட்டும். ஒரே மாதிரி இரண்டு ஆன்டெனா செய்து, 2 மீட்டர் தள்ளி எதிரெதிரே வைத்து எஸ்21 (ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போய்ச் சேரும் சிக்னல்) எடுங்கள். 2.45-இல் அந்தத் தூரத்துக்கான இழப்பு 46.2 டிபி. எஸ்21 மைனஸ் 40.2 என்றால் ஒவ்வொன்றின் கெயினும் 3 டிபிஐ. மொட்டை மாடியில், ஒன்றரை மீட்டர் உயரத்தில், மரக் கம்பில் கட்டி அளக்கலாம். தண்ணீர் நிற்கும் நடவு வயல் ஓரம் வேண்டாம், நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பு கணக்கைக் குலைக்கும்.

பழைய நானோவிஎன்ஏ (எஸ்11, எஸ்21 அளக்கும் சின்னக் கருவி) 866-க்குப் போதும், 2.45-க்கு 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் மாடல் வேண்டும். கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். எஸ்11 ஆடினால் கேபிளும் சேர்ந்து ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். கிரவுண்டில் சிஎஸ்ஆர்ஆர் வெட்டியவர்களுக்கு இது கட்டாயம் வரும். கனெக்டரை ஒட்டி இரண்டு மூன்று ஃபெரைட் மணி கோர்த்துவிட்டு மறுபடி அளக்கவும்.

கும்பகோணம்

விட்டுப்போன ஒன்று. தீர்ந்த பெரிக் குளோரைடை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு மீனையும் நத்தையையும் கொல்லும். பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நுரை பொங்கும், சோடா போட்டாலும் நுரை வராத நிலை வரும்வரை தொடருங்கள். அடியில் வண்டல் தங்கும். துணியில் வடித்து, காயவைத்து, மூடிய டப்பாவில் போட்டு லேபில் ரசாயனக் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.